பிளஸ் குறிமேல் யார் சுமை ஏற்றியது?

நிரல் எழுதும்போது + போன்ற ஒரு குறிக்கு, நாமே உருவாக்கிய தரவு வகைகளிலும் வேலை கொடுப்பதுதான் ஆபரேட்டர் ஓவர்லோடிங். அதை 'இயக்கி மிகைச்சுமை' என்று எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லை நெல்லைச் சீமையில் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். இங்கே இயக்கி என்றால் இசக்கியம்மன். கணிப்பொறிக்காரர்களுக்கோ இயக்கி என்பது டிரைவர், பிரிண்டர் வேலை செய்ய நிறுவுகிறோமே, அது. 'இயக்குநர்' என்று மாற்றினால் சினிமாக்காரர் வந்து நிற்பார்.

ஆபரேட்டர், 'வேலை' என்று பொருள்படும் லத்தீன் வேரில் பிறந்த சொல். +, ==, << எல்லாம் ஒரு செயலைச் சுட்டுவதால் செயற்குறி; அவை எவற்றின்மேல் செயல்படுகின்றனவோ அவை செயலேற்பிகள். பள்ளிப் பாடநூலிலேயே இருக்கும் சொற்கள்தாம், அதில் வழக்கில்லை.

வழக்கு 'மிகைச்சுமை'யோடுதான். மோட்டாருக்கு அது சரியான சொல்: அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் ரிலே டிரிப் ஆகும். ஜல்லி லாரிக்கும் சரி, அச்சு முறியும். இரண்டிலும் வரம்பு மீறல், கூடவே கேடு. பிளஸ் குறியில் மீறியது என்ன? இப்படிப் படிக்கிற பையன் நிரல் மூச்சு வாங்கும் என்று நினைத்துக்கொள்கிறான். சி++ மொழியில் எந்தக் கூட்டல் என்பதைச் செயலேற்பிகளின் வகையைப் பார்த்துக் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. ஓடும்போது நடப்பது வெறும் ஃபங்ஷன் அழைப்பு, அதாவது பெயரிட்டு எழுதிவைத்த கட்டளைத் தொகுதியைக் கூப்பிடுவது.

நம் நெல் அளவையையே எடுங்கள். ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். 'நெல்லளவு' என்று ஓர் இனக்குழு (கிளாஸ்), அதாவது நாமே உருவாக்கும் தரவு வகை. உள்ளே கோட்டை, மரக்கால் என இரண்டு முழு எண்கள். 3 கோட்டை 15 மரக்காலோடு 2 கோட்டை 10 மரக்கால் சேர்த்தால் 6 கோட்டை 4 மரக்கால் வரவேண்டும். இந்த இரண்டு அளவுகளுக்கும் அ, ஆ என்று பெயர் வைத்து, வெறுமனே அ + ஆ என்று எழுதினால் கம்பைலர் பிழை காட்டி நின்றுவிடும். அதற்கு 21 தெரியாது. 'ஆபரேட்டர்+' என்ற பெயரில் நாம் ஒரு ஃபங்ஷன் எழுதி, மரக்கால்களைக் கூட்டி, 21ஆல் வகுத்து, ஈவைக் கோட்டையில் ஏற்றி, மீதியை மரக்காலில் விட்டு, புதிய நெல்லளவைத் திருப்பித் தரவேண்டும். சிலர் இடப்பக்கத்து அளவையே மாற்றிவிடுவார்கள். கூட்டி முடித்துப் பார்த்தால் 'அ'வில் இருந்த பழைய கணக்கைக் காணோம். + எழுதியதால் += (கூட்டி இடப்பக்கத்திலேயே வைக்கும் குறி) தானாக வந்துவிடாது, அதைத் தனியாக எழுதவேண்டும். இரண்டு முழு எண்களுக்கு இடையிலான கூட்டலை மாற்றவும் வழியில்லை. குறியின் முன்னுரிமையும் மாறாது: முன்னுரிமையில் கூட்டலுக்குப் பின்னால் நிற்கும் ^ குறிக்கு அடுக்கு என்று பணி கொடுத்தால் அ + ஆ ^ 2 என்பதில் கூட்டல்தான் முதலில் நடக்கும்.

ஒரு குறி, பல வேலை. தமிழ் இலக்கணத்துக்கு இது புதிதா? தொல்காப்பியம் 'பலபொருள் ஒருசொல்' என்று பெயரிட்டு, பொருள் தெரியும் வழியையும் சொல்கிறது: 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்'. மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. பக்கத்தில் நிற்பதைப் பார்த்துத்தான் முடிவு. கம்பைலர் செய்வதும் அதுவே.

அப்படியானால் 'பலபொருளாக்கம்' என்று வைக்கலாமே என்பார்கள். ஆசைதான், ஆனால் இந்தத் துறையில் பொருள் என்பது ஆப்ஜெக்டுக்கு, அதாவது இனக்குழுவை வைத்து உருவாக்கும் உருப்படிக்கு, போய்விட்டது. பல ஆப்ஜெக்ட் உருவாக்குவதாக வாசிப்பார்கள். எனவே பாடநூலின் 'செயற்குறி பணிமிகுப்பு' போதும். 'மிகுப்பு' என்பதில் கொஞ்சம் மிகை வாடை அடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இங்கே மிகுவது பணி.

இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுகிறவர்கள் அடுத்து ஓவர்ரைடிங்கிலும் கைவைத்து, இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறார்கள். ஓவர்ரைடிங்கில் தாய் இனக்குழுவின் ஃபங்ஷனை அதே பெயர், அதே அளபுருக்களோடு (ஃபங்ஷன் வாங்கிக்கொள்ளும் மதிப்புகள்) அதன் வழிவந்த சேய் இனக்குழு மாற்றி எழுதுகிறது. பணிமிகுப்பில் பெயர் ஒன்று, அளபுருக்கள் வேறு. 'மேலெழுதல்' என்று இரண்டுக்கும் எழுதிய விடைத்தாளைத் திருத்துகிறவர் எதற்கு மார்க் போடுவார்?