ஆன்லைன் டெண்டர்னா தப்பு நடக்காதுன்னு யாருங்க சொன்னது?

போன வாரம் பிரிண்டர் சப்ளை பண்ற ஒருத்தர் போன்ல அழாத குறை. விலையைப் பிரிக்கறதுக்கு முன்னாடி பொருளும் தகுதியும் சரியான்னு பார்க்கற டெக்னிக்கல் பிட்லயே ரிஜெக்ட். "எல்லாம் ஆன்லைன் தானே சார், அதுல எப்படி தில்லுமுல்லு பண்ண முடியும்"னு திரும்பத் திரும்ப அதையே கேட்கறார். இந்த மாசம் இதே கேள்வியோட வந்த மூணாவது ஆள், அதான் உட்கார்ந்து எழுதறேன்.

டெண்டர் டாக்குமெண்ட்டை வாங்கிப் பார்த்தேன். அகலம் 406 மில்லிமீட்டர், எடை 11.2 கிலோ, மூடி திறக்கற பக்கம் இடது. நிமிஷத்துக்கு எத்தனை பக்கம் அடிக்கணும்னு ஒரு வரி கிடையாது! ஒரு கம்பெனி மாடலோட கேட்டலாக்கைப் பக்கத்துல வச்சு எழுதினதுங்க அது. டெண்டர் வேலை பார்க்கறவங்களுக்கு மூணாவது வரியிலயே தெரிஞ்சிடும்.

போர்ட்டல் என்ன பண்ணும்னா, டைம் முடிஞ்சதும் பூட்டும், விலையை முன்கூட்டியே யாரும் பிரிக்காம பார்த்துக்கும். முன்னாடி ஆபீஸ் வாசல்ல ஆள் நிறுத்தி கவரைப் போட விடாம விரட்டுவாங்க, அது நின்னுச்சு, சாதாரண விஷயம் இல்ல. இந்தியா, இந்தோனேசியா ரெண்டுலயும் அரசு கட்டுமான வேலைகளை வச்சு பண்ணி 2016-ல வந்த ஒரு ஆய்வுல, ஆன்லைன் டெண்டர் வந்த இடங்கள்ல வேற பகுதியிலேர்ந்து வந்த கான்ட்ராக்டர்கள் அதிகமா ஜெயிச்சாங்க, இந்தியாவுல ரோடு தரம் கூடுச்சு, இந்தோனேசியாவுல தாமதம் குறைஞ்சுது, ஆனா அரசு கொடுக்கற விலை குறைஞ்சதா தெரியலன்னுதான் வந்துச்சு. ஸ்பெசிஃபிகேஷனை, அதாவது பொருள் எப்படி இருக்கணும்ங்கற விவரத்தை, எழுதறது மனுஷன், அதை அப்லோட் பண்றதுக்கு முன்னாடியே எழுதிடறான், அந்த 406 மில்லிமீட்டர் யாருக்காகன்னு கம்ப்யூட்டருக்கு எப்படிங்க தெரியும்? வாங்கறதைத் துண்டு துண்டா உடைச்சு டெண்டர் போட்டே ஆகணும்ங்கற தொகை வரம்புக்குக் கீழ கொண்டு வர்றதும் அப்படித்தான், திரையில எல்லாம் சுத்தமா இருக்கும். உக்ரைன்ல 2016-ல எல்லா அரசு கொள்முதலும் புரோசோரோன்னு ஒரே சிஸ்டத்துக்கு வந்துச்சு, ஏலம் முடிஞ்சதும் யார் என்ன விலை போட்டாங்கன்னு எல்லாரும் பார்க்கலாம், அங்கேயே மக்கள் உட்கார்ந்து கண்காணிக்க டோசோரோன்னு தனியா ஒண்ணு தேவைப்பட்டுச்சு.

அதனால டாக்குமெண்ட் வந்த அன்னைக்கே முழுசா படிங்க. குறிப்பிட்ட பிராண்டுக்கு வெட்டின மாதிரி இருந்தா ப்ரீ-பிட் தேதிக்குள்ள, அதாவது பிட் போடறதுக்கு முன்னாடி கேள்வி கேட்கக் கொடுக்கற நாளுக்குள்ள, எழுத்துல கேளுங்க, "அல்லது அதுக்கு இணையானது"ன்னு சேர்க்கச் சொல்லுங்க. நான் சொன்ன அந்த டெண்டர்ல கேள்வி கேட்க ஆறு நாள் இருந்துச்சு, ஒருத்தர்கூட கேட்கல. கடைசி நாள் வரைக்கும் கரிஜெண்டம், அதாவது டெண்டர்ல திருத்தம் ஏதாவது வந்திருக்கான்னு பாருங்க. ஒரு நாள் முன்னாடியே அப்லோட் பண்ணுங்க, சர்வர் கடிகாரம்தான் கணக்கு, உங்க வாட்ச் இல்ல.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் பின் நம்பரையும் பிட் போட்டுத் தர்ற ஆள்கிட்ட விட்டுட்டு வராதீங்க, எத்தனை தடவை சொல்றது! அது உங்க கையெழுத்துங்க. தென் கொரியாவுல 2002-லயே ஆன்லைன் கொள்முதல் வந்தாச்சு, அங்கேயும் அடுத்தவங்க சர்டிஃபிகேட்ல பிட் போடறதைத் தடுக்க 2010-ல கைரேகை வைக்க வேண்டியதாச்சு.

கேள்வி கேட்டா அடுத்த தடவை ஒதுக்கிடுவாங்கன்ற பயம் எனக்குப் புரியுது. தனியா கேட்க பயமா இருந்தா உங்க சங்கம் மூலமா கேளுங்க, ஸ்பெசிஃபிகேஷனைப் பத்தி எவ்வளவு வேணா பேசுங்க. விலையை மட்டும் உங்களுக்குள்ள பேசிக்காதீங்க, தயவுசெஞ்சு, அது ரிங், அதாவது கூட்டுச் சதி ஆயிடும், டெண்டர்லயே கலந்துக்க முடியாதபடி பிளாக்லிஸ்ட் ஆனா கம்பெனியே போச்சு.