மோதிர அளவு: ஒரே வட்டத்துக்கு ஏன் இத்தனை எண்கள்?

உள்விட்டம் சரியாக 17 மில்லிமீட்டர் உள்ள ஒரு மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் இதை 17 என்பவர்களும் உண்டு, 53½ என்பவர்களும் உண்டு. ஜப்பானில் இது 13. இத்தாலியில் பதின்மூன்றரைக்குச் சற்றுக் கீழே. அமெரிக்காவில் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே. பிரிட்டனில் எண்ணே கிடையாது. ஆங்கில எழுத்துகளில் ‘எம்’முக்கும் ‘என்’னுக்கும் இடையில் வரும். மோதிரம் என்னவோ அதேதான்.

இணையத்தில் வாங்கும்போது குழப்புவது இந்த எண்கள்தான். ஆனால் பார்ப்பதற்குத் தோன்றும் அளவுக்கு இதில் சிக்கல் இல்லை. எல்லா முறைகளும் அளப்பது மோதிரத்தின் உள்வட்டத்தை மட்டுமே. சில அதன் விட்டத்தை அளக்கின்றன, சில சுற்றளவை. விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு. அதற்கு மேல் இருக்கும் வேறுபாடு இரண்டே விஷயங்களில்தான்: பூஜ்யத்தை எங்கே வைப்பது, ஒரு படி எவ்வளவு பெரியது. செல்சியசும் ஃபாரன்ஹீட்டும் ஒரே சூட்டை வேறு வேறு எண்ணில் சொல்வதைப் போலத்தான் இதுவும்.

இருப்பதிலேயே எளிமையானது சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8653. உள்சுற்றளவு எத்தனை மில்லிமீட்டரோ அதுவே அளவு. 54 என்றால் 54 மில்லிமீட்டர், அவ்வளவுதான். பிரான்சில் மோதிரங்களை இப்படித்தான் சொல்கிறார்கள். இத்தாலி, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து நாடுகளில் வழங்கும் முறை இதிலிருந்து 40-ஐக் கழித்துவிடுகிறது. ஆக 54 அங்கே 14 ஆகிறது.

ஜப்பானிய முறை விட்டத்தில் தொடங்குகிறது. 13 மில்லிமீட்டர் விட்டம் என்றால் 1-ஆம் எண். அங்கிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூடும். இதைச் சுற்றளவுக்கு மாற்றிப் பார்த்தால் ஒரு வேடிக்கை: படி சுமார் 1.05 மில்லிமீட்டர், பூஜ்யம் கிட்டத்தட்ட 39.8-இல். அதாவது இத்தாலிய முறையும் ஜப்பானிய முறையும் வேறு வேறு வழியில் கிளம்பி ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. 14-ஆம் எண்ணில் இரண்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அமெரிக்க 14 மட்டும் முற்றிலும் வேறு கதை: 72 மில்லிமீட்டர் சுற்றளவு, பெரும்பாலோருக்குக் கட்டைவிரலிலேயே நிற்காது.

அமெரிக்க முறை அங்குலத்தில் பிறந்தது. பூஜ்யம் 0.458 அங்குல விட்டம், ஒரு படி 0.032 அங்குலம். மில்லிமீட்டரில் சொன்னால் அளவை 0.813-ஆல் பெருக்கி 11.63 கூட்டினால் விட்டம் கிடைக்கும். சுற்றளவில் ஒரு படி 2.55 மில்லிமீட்டர். விரலுக்கு இது ரொம்பப் பெரிய தாவல் என்பதால்தான் அரை, கால் அளவுகள் அங்கே புழங்குகின்றன.

பிரிட்டனின் எழுத்து முறைக்கு 1987-இல் வந்த பிஎஸ் 6820 தரம் சுற்றளவை அடிப்படையாக்கியது. ‘சி’ என்றால் 40 மில்லிமீட்டர், ஒவ்வொரு எழுத்துக்கும் 1.25 கூடும். இந்தப் படி அமெரிக்கப் படியில் ஏறத்தாழ சரிபாதி. அதனால் அமெரிக்க முறையில் ஒன்று ஏறினால் இங்கே இரண்டெழுத்து ஏறும்: 6-க்கு ‘எல்½’, 7-க்கு ‘என்½’, 8-க்கு ‘பி½’. 7-க்கு ‘ஓ’ என்று போடும் அட்டவணைகளும் உண்டு; அரை எழுத்தை முழு எழுத்தாக்கியதால் வந்த வேறுபாடு அது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதே எழுத்துகள்தான்.

சரி, எண்ணை மாற்றிவிடலாம். விரலை அளப்பதில்தான் உண்மையான தப்பு நடக்கிறது. விரலில் நூலைச் சுற்றி, வெட்டி, ஸ்கேலில் வைத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வது. நூலுக்குத் தடிமன் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். சுற்றிய நூலின் நீளம் என்பது அதன் நடுக்கோட்டின் நீளம். அந்தக் கோடு விரலின் விட்டத்தோடு நூலின் தடிமனையும் சேர்த்த வட்டத்தில் ஓடுகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள நூல் 3.14 மில்லிமீட்டரைக் கூடுதலாகக் காட்டும். அமெரிக்க முறையில் இது ஓர் அளவுக்கும் மேல்! இழுத்துச் சுற்றினாலோ தப்பு எதிர்ப்பக்கம் போகும். மெல்லிய காகிதப் பட்டை எவ்வளவோ தேவலை. 0.1 மில்லிமீட்டர் காகிதத்தில் பிழை 0.3 மட்டுமே.

மோதிரம் செய்பவருக்கும் இதே கணக்குதான். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டை வளைத்து நம் 17 மில்லிமீட்டர் மோதிரத்தைச் செய்ய 53.4 மில்லிமீட்டர் நீளம் போதாது. 19-ஐ 3.14-ஆல் பெருக்கி 59.7 வெட்ட வேண்டும்.

கையில் பொருந்தும் மோதிரம் ஒன்று ஏற்கெனவே இருந்தால், உள்விளிம்பிலிருந்து எதிர் உள்விளிம்புக்கு காலிப்பரால் (இரு தாடைகளுக்கு இடையிலான தூரத்தைத் துல்லியமாகக் காட்டும் அளவுக் கருவி) அளப்பது நல்லது. நுனியை நோக்கிச் சிறுத்துப் போகும் அளவுக் கோலிலும் மாட்டலாம், ஆனால் எந்த இடத்தில் படிப்பது என்று பார்க்க வேண்டும். உட்புறம் தட்டையான மோதிரம் கோலின் தடித்த பக்கத்து விளிம்பில் மட்டுமே தொடுகிறது. அகலமான மோதிரத்தில் நடுவைப் பார்த்துப் படித்தால் அளவு குறைவாகத் தெரியும். உட்புறம் குவிந்த மோதிரத்தில் மாறாக நடுப்பகுதிதான் தொடும். அங்கே நடுவில் படிப்பதே சரி.

விரலும் லேசுப்பட்டதல்ல. வெயிலில் இரத்தக் குழாய்கள் விரிந்து விரல் பருக்கும், குளிரில் சுருங்கும். பெரும்பாலோருக்கு வேலை செய்யும் கையின் விரல் மற்றக் கையைவிடக் கொஞ்சம் பெரிது. கணு பருத்திருந்தால் மோதிரம் அதைத் தாண்டவும் வேண்டும், அடியில் சுழலாமல் நிற்கவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைத்தான் பிடிக்க முடியும். அப்புறம் பட்டையின் அகலம்: மெல்லிய வளையத்தில் அழுந்திய சதை இருபக்கமும் ஒதுங்கிக்கொள்ளும். அகலப் பட்டையில் அதற்கு இடமில்லை, அதனால் அதே அளவு இறுக்கமாக இருக்கும். அகலப் பட்டைக்கு அரை அளவு கூட்டி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

வெளிநாட்டுக் கடையில் வாங்குகிறவர் எண்ணோடு நிறுத்தாமல் ‘உள்விட்டம் 17.0 மி.மீ.’ என்று முழுதாக எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ‘17’ என்று மட்டும் எழுதினால் ஜப்பானிய விற்பனையாளர் 18.3 மில்லிமீட்டர் விட்டத்தில் அனுப்புவார். தங்கம், வெள்ளி என்றால் வெட்டிச் சேர்த்துச் சரிசெய்யலாம். மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு என்ற பொருளில் அது நடக்காது. சுற்றிலும் கல் பதித்த மோதிரத்திலும் வெட்ட இடமிருக்காது. இந்த இரண்டு வகைக்கும் வேறு மோதிரம்தான் வாங்க வேண்டியிருக்கும்.