பந்து வந்த நேரமும் கை இருந்த இடமும்

மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளி மாணவர்களுக்கான கால்பந்துப் போட்டி. இறுதி ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பகுதிக்குள்ளிருந்து ஒரு பையன் ஓங்கி உதைத்தான். நான்கு மீட்டர் தள்ளி நின்ற தடுப்பாட்டக்காரனின் இடது முன்கையில் பட்டுப் பந்து தெறித்தது. "கை! கை!" என்று மைதானமே எழுந்து கத்தியது. விசில் என் வாயில்தான் இருந்தது. நான் ஊதவில்லை.

ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணியின் பயிற்சியாளர் நேராக என்னிடம் வந்தார். தடுத்த பையன் இன்னும் கையைத் துடைத்திருக்கவில்லை. முன்கையில் பந்தின் செம்மண் தடம், தையல் கோடு தெரியும் அளவுக்குப் பதிந்திருந்தது. "இதற்கு மேல் என்ன சார் சாட்சி வேண்டும்?" என்றார்.

பந்து பட்டதற்கு அது சாட்சிதான். ஆனால் கையில் பந்து படுவதெல்லாம் குற்றமில்லை என்று கால்பந்தின் பன்னிரண்டாவது விதியே சொல்கிறது. வேண்டுமென்றே கையால் பந்தைத் தொட்டால் குற்றம். கையை இயல்புக்கு மாறான இடத்தில் வைத்து உடலைப் பெரிதாக்கி, அந்தக் கையில் பந்து பட்டாலும் குற்றம். கோல் அடிப்பவரின் கையில் பட்டு நேராக வலைக்குள் போனாலோ, பட்ட உடனே அவரே கோல் அடித்தாலோ, தற்செயலாகப் பட்டிருந்தாலும் கோல் செல்லாது. கை எங்கே தொடங்குகிறது என்பதற்கும் கோடு உண்டு. அக்குளின் அடிப்பகுதிக்கு நேர் மேலே இருப்பது தோள். அதில் பட்டால் தவறில்லை. அந்தப் பையனின் தடம் முன்கையில் இருந்ததால் இந்த விவாதத்துக்கு இடமில்லை. மிச்சமிருந்தவை இரண்டு கேள்விகள்: கையை விலக்க அவனுக்கு நேரம் இருந்ததா? அந்தக் கை ஏன் அங்கே இருந்தது?

முதல் கேள்வியை மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடையிலேயே சோதித்துப் பார்த்தோம். கடைக்காரர் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்த முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை வாங்கிச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடித்தேன். பூஜ்ஜியம் கீழே. பயிற்சியாளர் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பூஜ்ஜியத்துக்கு இருபுறமும் தொடாமல் வைத்துக்கொண்டார். முன்கூட்டிச் சொல்லாமல் ஸ்கேலை நழுவவிட்டேன். இருபத்தொரு சென்டிமீட்டரில் பிடித்தார். தடையின்றி விழும் பொருள் 0.2 விநாடியில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் இறங்கும். கண் பார்த்து, மூளை புரிந்து, விரலுக்குக் கட்டளை போய்ச் சேர அவருக்கு ஆன நேரம் 0.2 விநாடிக்குச் சற்று மேல். அநேகமாக எல்லோருக்கும் இதே அளவுதான். வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

இப்போது பந்துக்கு வருவோம். அந்த வயதுப் பையன் நன்றாக உதைத்தால் பந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது விநாடிக்கு 20 மீட்டர். நான்கு மீட்டரைக் கடக்க 0.2 விநாடி. பந்து வருகிறது என்று மூளை உணர்ந்து முடிக்கும்போதே பந்து கையில் பட்டுவிடுகிறது. ஸ்கேலைப் பிடிக்க விரலை மூடினால் போதும். கையை விலக்க முழுக் கையையும் நகர்த்த வேண்டும். ஒரு கையின் எடை உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு. ஐம்பது கிலோ பையனுக்கு அது இரண்டரை கிலோ. அதை அசைக்கத் தொடங்கி உடலோடு ஒட்டவைக்க இன்னும் நேரம் வேண்டும். பத்து மீட்டரிலிருந்து வந்த பந்தென்றால் அரை விநாடி கிடைத்திருக்கும். அப்போது என் தீர்ப்பும் மாறியிருக்கலாம்.

இரண்டாவது கேள்விதான் கடினம். நேரமில்லை என்பது கையை விலக்காததற்குச் சமாதானம் ஆகலாம். கையை முன்கூட்டியே விரித்து வைத்ததற்கு ஆகாது. இயல்புக்கு மாறானது எது என்பதை 2021-ல் விதி கொஞ்சம் தெளிவாக்கியது. அந்த நேரத்து உடல் அசைவின் விளைவாகவோ, அந்த அசைவால் நியாயப்படுத்தக்கூடியதாகவோ கை இருக்கிறதா என்று நடுவர் பார்க்க வேண்டும். இதற்கு உடல் எப்படி இயங்குகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஓடும்போது வலது கால் முன்னே போனால் இடது கையும் முன்னே போகிறது. அப்படி வீசாவிட்டால் உடல் திருகிக்கொள்ளும். குதிப்பவர் கையை மேல்நோக்கி வீசுவதால்தான் கூடுதல் உயரம் கிடைக்கிறது. சட்டென்று திரும்பும்போது வெளியே நீளும் கை, வரப்பில் நடப்பவர் கையை விரிப்பது போலச் சமநிலைக்காக நீள்கிறது. சறுக்கி விழுபவர் தரையில் ஊன்றும் கையும் அப்படித்தான். ஆனால் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, பந்து வரும் பாதையைக் கண்டு, தோளுக்கு மேலே கையைத் தூக்கிச் சுவர் எழுப்பினால் அதற்கு உடலில் காரணம் தேட முடியாது.

இதனால், தடுப்பவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்கவில்லை. கையைக் கட்டினால் பையன் மெதுவாகத் திரும்புவான், விழுந்தால் ஊன்ற முடியாமல் முகம் அடிபடும். விதி கேட்பது கையில்லாத மனிதனை அல்ல.

பெனால்டி விதியே ஒரு கையிலிருந்து பிறந்ததுதான் என்று கால்பந்து வரலாற்றில் சொல்வார்கள். 1891 பிப்ரவரியில் இங்கிலாந்தில் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில், கோட்டைக் கடக்கவிருந்த பந்தை நாட்ஸ் கவுன்டி அணிக்காரர் கையால் தடுத்தார். எதிரணியான ஸ்டோக்குக்குக் கிடைத்தது கோட்டுக்கு அருகே ஒரு ஃப்ரீ கிக் மட்டும்; கோல் கீப்பர் பந்தின் முன்னாலேயே நின்று அதை அடைத்துவிட்டார். அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் ஏற்கெனவே முன்மொழிந்திருந்த தண்டனை, அதாவது கோல் கீப்பர் மட்டும் தடுக்க நிற்க உதைக்கும் பெனால்டி, அந்த ஆண்டு ஜூனில் விதியானது. கோட்டில் கையால் கோலைத் திருடியவருக்குப் பொருத்தமான தண்டனை அது. பதினொரு மீட்டரிலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து கோலை அடைய 0.4 விநாடி போதும். கோல் கீப்பர் பந்தைப் பார்த்த பிறகு பாய்ந்தால் தாமதம். நான்கு பெனால்டிகளில் ஏறத்தாழ மூன்று கோலாகின்றன. சிக்கல் என்னவென்றால், பகுதியின் மூலையில், கோலுக்கே போகாத பந்து விரலில் உரசினாலும் தண்டனை இதே முக்கால் கோல்தான். கை விவாதங்களில் இவ்வளவு சூடு ஏறுவதற்கு முதல் காரணம் இந்த ஏற்றத்தாழ்வு என்பது என் எண்ணம்.

கேமரா வந்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தோம். 2018 உலகக் கோப்பையில் காணொளி உதவி நடுவர் வந்தார். அந்த இறுதி ஆட்டத்திலேயே குரோஷியாவின் பெரிசிச் கையில் பட்டதற்கு, திரையைப் பார்த்த பிறகு பெனால்டி தரப்பட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் இரண்டு கருத்து உண்டு. 2024 யூரோ கோப்பையில் பந்துக்குள்ளேயே விநாடிக்கு 500 முறை அதிர்வைப் பதியும் உணரி (சென்சார்) இருந்தது. டென்மார்க்கின் ஆண்டர்சன் கையில் பந்து உரசியதை இதயத் துடிப்புக் கோடு போன்ற வரைபடம் காட்டிக்கொடுத்தது, ஜெர்மனிக்குப் பெனால்டி. ஆறு நாள் கழித்து அதே ஜெர்மனியின் முசியாலா உதைத்த பந்து ஸ்பெயினின் குகுரேயா கையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியப் பட்டது; பெனால்டி இல்லை. உணரி 'பட்டதா' என்பதற்குப் பதில் சொல்லும். 'குற்றமா' என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மெதுவாக ஓடும் காட்சி நேரத்தை நீட்டிவிடுகிறது. ஒரே செயலை மெதுவாகக் காட்டும்போது பார்ப்பவர்கள் அதை வேண்டுமென்றே செய்ததாக அதிகம் நம்புகிறார்கள் என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. உண்மையில் ஓடிய விநாடிகளைத் திரையில் எழுதிக் காட்டியும் அந்த மயக்கம் முழுதாகப் போகவில்லை. 0.2 விநாடி, இரண்டு விநாடியாக விரிந்தால் 'கையை எடுத்திருக்கலாமே' என்று யாருக்கும் தோன்றும். அதனால்தான் பட்ட இடத்தைக் கண்டறிய மட்டும் மெதுவான காட்சி, குற்றமா என்று முடிவெடுக்க இயல்பான வேகம் என்று காணொளி நடுவர் நெறிமுறையே வகுத்திருக்கிறது.

எங்கள் மைதானத்தில் திரை கிடையாது, சத்தம் உண்டு. இங்கிலாந்தில் 2002-ல் வெளியான ஒரு சோதனையில், கூட்டத்தின் ஒலியோடு காட்சிகளைப் பார்த்த நடுவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாகத் தவறு அறிவித்தார்கள். கோட்டின் மேலேயே ஊரே நிற்கும் ஆட்டத்தில் அந்த அழுத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு நான் கண்ட வழி, உதைக்கும் கால் பின்னே போகும்போதே பந்தை விட்டுவிட்டுத் தடுப்பவனின் கைகளைப் பார்ப்பது. பட்ட பிறகு பார்த்தால் கூச்சல்தான் தீர்ப்பெழுதும்.

பயிற்சியாளர் ஸ்கேலை இன்னும் நான்கு முறை பிடித்துப் பார்த்தார். பத்தொன்பதுக்குக் கீழே வரவில்லை. "சரி சார், நேரம் இல்லை. கை ஏன் வெளியே இருந்தது?" என்றார். கடை வாசலிலேயே காட்டினேன். உதைப்பவன் பந்தோடு உள்பக்கம் வெட்டித் திரும்பியதும் பையன் வலது காலை ஊன்றித் திரும்பினான், செம்மண் சறுக்கியது, இடது கை இடுப்புயரத்துக்கு விரிந்தது. அதே போல நானும் ஊன்றித் திரும்பினேன். என் கையும் விரிந்தது. அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஸ்கேலைக் கணக்கு நோட்டுக்குள் திரும்ப வைத்தார். "முழங்கை தோளுக்கு மேலே போயிருந்தால் கொடுத்திருப்பீர்களா?" என்று கேட்டார். கொடுத்திருப்பேன் என்றேன்.