பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி? ஓடும் ஆற்றை அளக்கும் கணக்கு

“காவிரியில் பிலிகுண்டுலுவுக்கு வினாடிக்கு 20,000 கனஅடி வருகிறது என்கிறார்களே, ஓடுகிற தண்ணீரை எப்படி அளக்கிறார்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நீரியல் படிக்கும் மாணவர்கள் ஓடையில் இறங்கிச் செய்யும் முதல் பயிற்சிகளில் ஒன்று இதுதான்.

ஒரு கனஅடி 28.3 லிட்டர். குறுக்குவெட்டுப் பரப்பை வேகத்தால் பெருக்கினால் வரத்து கிடைத்துவிடும். ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, 20 முதல் 25 இடங்களில் ஆழமும் வேகமும் எடுப்பார்கள். இப்படி ஆறு துண்டு துண்டாகப் பிரியும். எந்தத் துண்டிலும் மொத்த நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓடக் கூடாது. வேகத்துக்குக் கரண்ட் மீட்டர்: கிண்ணங்கள் பூட்டிய சிறு சக்கரம். குறைந்தது 40 வினாடி அதன் சுற்றுகளை எண்ண வேண்டும்.

மீட்டரை எந்த ஆழத்தில் பிடிப்பது? அழகே இங்கேதான் இருக்கிறது. படுகையை உரசும் நீர் மெதுவாக நகரும். மேலே போகப் போக வேகம் முதலில் சட்டென்று ஏறி, பிறகு தயங்கித் தயங்கி ஏறும். இது மடக்கை வளைகோடு. பிளஸ் டூவில் படித்த பகுதித் தொகையிடலால் அதன் சராசரியை எடுத்துப் பாருங்கள்: தரையிலிருந்து மொத்த ஆழத்தில் 1/e, அதாவது சுமார் 37 சதவீத உயரத்தில் ஓடும் வேகம்தான் சராசரி. முழங்கால் ஆழ வாய்க்காலோ இரண்டாள் ஆழ ஆறோ, மணலோ கூழாங்கல்லோ, அந்த இடம் மாறாது! அதனால்தான் நீர்மட்டத்திலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் மீட்டரை வைக்கிறார்கள். 60 செ.மீ. ஆழமென்றால் 36 செ.மீ. கீழே. அங்கே வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர் என்றால், ஒரு மீட்டர் அகலத் துண்டில் வினாடிக்கு 300 லிட்டர்.

ஆழம் முக்கால் மீட்டரைத் தாண்டினால் 0.2, 0.8 ஆழங்களில் அளந்து சராசரி எடுப்பார்கள். மடக்கை வளைகோட்டில் இந்தச் சராசரியும் 0.6 ஆழத்து வேகமும் அச்சு அசலாக ஒன்றே. அப்படியானால் இரண்டு அளவு எதற்கு? பாறையும் களைச்செடியும் வளைகோட்டைக் கெடுக்கும். மேல் வேகம் கீழ் வேகத்தைவிடக் குறைந்தாலோ இரு மடங்கை எட்டினாலோ, ஏதோ குறுக்கிடுகிறது என்று அர்த்தம், 0.6-லும் அளந்துவிட வேண்டும்.

பிழைகள் வேறு வழியிலும் வரும். மீட்டருக்கு நேர் மேல்புறம், அதாவது நீர் வரும் பக்கம் நின்றால் கால் நீரோட்டத்தைத் திருப்பிவிடும். பக்கவாட்டில், சற்றுக் கீழ்ப்புறம் தள்ளி நிற்க வேண்டும். பாலத்திலிருந்து கம்பியில் மீட்டரோடு இறக்கும் எடைக்கட்டியை வெள்ளம் இழுத்தால் கம்பி சாய்ந்து, ஆழம் கூடுதலாகத் தெரியும்.

நாள் முழுக்க மீட்டரை இறக்க முடியாது. எனவே பல அளவீடுகளிலிருந்து மட்டத்துக்கும் வரத்துக்குமான வளைகோடு வரைந்து, பிறகு மட்டத்தை மட்டும் படித்து வரத்தைச் சொல்கிறார்கள். மணல் அள்ளிப் படுகை தாழ்ந்தால் அதே மட்டத்தில் கூடுதல் நீர் ஓடும். பழைய வளைகோடு பொய் சொல்லும். மறுபடி இறங்கி அளப்பதுதான் வழி. வரத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளுக்குக் கிடைக்கும் நிதி, இந்த அளவீட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்பேன். மாதிரி சரியா என்று ஒப்பிட இந்த எண்கள்தானே இருக்கின்றன!

மரங்களை அடித்து வரும் வெள்ளத்தில் மீட்டரை இறக்கவே முடியாது. அப்போது மிதந்து வரும் கட்டை இரண்டு கோடுகளைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பார்கள். மேற்பரப்பு வேகம் சராசரியைவிட அதிகம் என்பதால் 0.85-ஆல் பெருக்குவார்கள். குறுக்குவெட்டை வெள்ளம் வடிந்த பின் அளந்துகொள்வார்கள்.