சிமியுலேட்டர்: பாவனையா, ஒத்திகையா?

இலத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் ஒத்தது. அதன் வழிவந்த வினை 'சிமுலாரே': ஒன்றைப் போலக் காட்டுதல், பாசாங்கு செய்தல். அதிலிருந்து வந்ததுதான் ஆங்கில 'சிமியுலேட்டர்'. பாசாங்குக்குரிய சொல் பயிற்சிக்கூடத்துக்குள் வந்ததில் விமானத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், தந்தையின் ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளைக் கொண்டு, தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டப் பழகும் கருவியைச் செய்தார்.

இன்று இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கும் (இலத்திரன் கற்றையால் மிகச் சிறியவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) சிமியுலேட்டர் உண்டு. ஆஸ்திரேலியர்களின் 'மைஸ்கோப்' இணையத்தில் இலவசம். ஹட்டனில் தமிழில் உயர்தரம் படித்துவிட்டுப் பேராதனையில் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படிக்கப் போகும் பிள்ளைக்கு இதை எந்தச் சொல்லால் அறிமுகப்படுத்துவது?

தமிழகத்தார் சிலர் 'பாவனையாக்கி' என்கிறார்கள். அங்கே பாவனை என்றால் நடிப்பு, பொருந்துகிறது. இலங்கையில் நமக்கோ பாவனை என்றால் பயன்படுத்துவது. மின்பாவனை, பாவனையாளர், பாவனைக்கு உதவாத மா. 'பாவனை நுணுக்குக்காட்டி' என்றால் ஆய்வுகூடத்தில் பாவிக்கிற கருவி என்றே நம் பிள்ளை நினைக்கும். 'போலி' வேண்டவே வேண்டாம். போலி வைத்தியர் ஞாபகம்தான் வரும். 'ஒப்பு'வும் 'ஒப்புக்குச் செய்தான்' என்ற ஏச்சில் மாட்டிக்கொண்டது.

என் தெரிவு 'ஒத்திகைக் கருவி'. திரையில் நடப்பது ஒத்திகையேதான். தலவாக்கலைப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த தேயிலைக் கொப்புள நோயின் வித்திகளைப் பின்னால் மெய்யான கருவியில் பார்க்கப்போகிறவர், முதலில் இங்கே வெற்றிடம் வரும்வரை காத்திருந்து, மின்னழுத்தத்தைக் கிலோவோல்ட்டில் தெரிவுசெய்து, குவியத்தைத் திருப்புகிறார். குவியத்துக்கு இப்புறம் படம் ஒரு திசையில் இழுபடுகிறது. அப்புறம் போனால் அதற்குக் குறுக்காக. அதுதான் புள்ளிக்குவியமில் குறைபாடு (ஆங்கிலத்தில் astigmatism). அதற்குரிய இரண்டு குமிழ்களையும் மாறிமாறித் திருப்பி விளிம்பு கூராகும்வரை பழகவேண்டும். கை பழக நேரமெடுக்கும் வேலை. மெய்யான கருவியில் அவ்வளவு நேரம் யார் தருவார்? மாதிரித் தட்டை அளவுமீறி உயர்த்தி உணரியில் இடித்தாலும் இங்கே எதுவும் உடையாது.

மாதிரியைக் கரிநாடாவில் ஒட்டுவதையும் பொன்பூச்சிடுவதையும் கையுறையில்லாமல் தொடக்கூடாது என்பதையும் திரை கைக்குப் பழக்காது. அதனாலும் 'ஒத்திகை' பொருத்தம்: அரங்கேற்றம் வேறே இருக்கிறது.

'மெய்நிகர்' என்ற அடையை இணையவழிக் கருவிக்கு மட்டும் சேர்த்தால் போதும். ஆனால் வானிலையைக் கணினியில் கணித்துப் பார்ப்பதும் ஆங்கிலத்தில் சிமியுலேஷன்தான். அங்கே பழகுவதற்கு ஆள் இல்லை. ஒத்திகை ஒட்டாது, 'போலச்செய்தல்' என்றே எழுதலாம்.