டீபக்கில் பாஸ், ரிலீஸில் பூஜ்யம்

மணலியில் ஒரு எடைமேடைக்குப் புது மென்பொருள் போட்டார்கள். கன்டெய்னர் லாரி ஏறி நிற்கிறது, திரையில் பூஜ்யம். பக்கத்தில் இருக்கும் எடைமானிப் பெட்டியில் எடை சரியாகத் தெரிகிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் வரவில்லை. எழுதிய தம்பியைக் கேட்டால், "எல்லா டெஸ்டும் பாஸ்ணா" என்கிறார். பாஸ்தான், ஆனால் டீபக் பில்டில், அதாவது தப்பைத் தேட வசதியாக எடுக்கும் பில்டில். எடைமேடைக்குப் போனது ரிலீஸ் பில்ட், வாடிக்கையாளருக்காக வேகப்படுத்தி எடுப்பது. துறைமுகத்தை ஒட்டி வேலை பார்க்கும் சின்னக் கம்பெனிகளிலிருந்து இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது. பொறுமை போய்த்தான் எழுதுகிறேன்.

தப்பு ஒரே வரி. எடைமானியிலிருந்து எடை வந்து சேரும் சீரியல் போர்ட்டைத் திறக்கும் ஃபங்ஷனை, அசர்ட்டின் (நிபந்தனை பொய்யானால் புரோகிராமை நிறுத்தும் சோதனை) அடைப்புக்குறிக்குள்ளேயே கூப்பிட்டிருந்தார். சி, சி++ மொழிகளில் என்டீபக் (NDEBUG) என்ற மேக்ரோ வரையறுக்கப்பட்டிருந்தால் அசர்ட் காணாமல் போகும், உள்ளே எழுதியதும் ஓடாது. பில்ட் எடுக்க உதவும் சிமேக் கருவியில் ரிலீஸைத் தேர்ந்தெடுத்தால் அந்த மேக்ரோ தானாக வந்துவிடும். போர்ட் திறக்கவே இல்லை.

"ரிலீஸ்னா அதே புரோகிராம், கொஞ்சம் வேகமா ஓடும், அவ்வளவுதானே?" தயவுசெய்து இந்த நினைப்பை விடுங்கள். சோர்ஸ் ஒன்றுதான், வெளியே வரும் புரோகிராம் வேறு. ஆரம்ப மதிப்பு தராத லோக்கல் வேரியபிளை விஷுவல் ஸ்டுடியோவின் டீபக் பில்ட் ஒரு குறிப்பிட்ட எண்ணால் நிரப்பி வைக்கும். ரிலீஸில் அங்கே முன்பு கிடந்த குப்பை அப்படியே இருக்கும். குறியுள்ள இன்ட் (கூட்டல், கழித்தல் குறியோடு முழு எண் வைக்கும் வேரியபிள்) தன் எல்லையைத் தாண்டி நிரம்பி வழிகிறதா என்று கூட்டிப் பார்த்து நீங்கள் எழுதிய சோதனையை, "இது நடக்கவே கூடாதது" என்று கம்பைலர் தூக்கிவிடலாம். ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை) மாற்றும் சாதாரண பூலியனுக்காக இன்னொரு த்ரெட் லூப்பில் காத்திருந்தால், கம்பைலரின் வேகப்படுத்தும் பகுதியான ஆப்டிமைசர் அதை ஒரே முறை படித்துவிட்டு முடிவில்லாமல் சுற்ற விடலாம். டீபக்கில் எத்தனை முறை டெஸ்ட் ஓட்டினாலும் இதெல்லாம் கண்ணில் படாமலே போகலாம்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. டெஸ்டுக்குள்ளேயே வெறும் அசர்ட் போட்டுச் சரிபார்ப்பது. ரிலீஸில் அந்தச் சரிபார்ப்பே இருக்காது, எதைக் கொடுத்தாலும் பாஸ் காட்டும். கூகுள்டெஸ்ட், கேட்ச்2 போன்ற டெஸ்ட் லைப்ரரிகள் தரும் சரிபார்ப்பு மேக்ரோக்களைப் பயன்படுத்துங்கள். அப்புறம் வேண்டுமென்றே தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதி, இரண்டு பில்டிலும் சிவப்பு வருகிறதா என்று பாருங்கள்.

பில்ட் சர்வரில் டீபக்குக்கும் ரிலீஸுக்கும் தனித்தனி வேலை வையுங்கள். இரண்டில் எது தோற்றாலும் வெளியே போகக் கூடாது. ரிலீஸில் தோற்கும் டெஸ்டை இஃப்டெஃப் (#ifdef) போட்டு, அந்த பில்டில் சேராதபடி மூடாதீர்கள்! அசர்ட் அடித்து நிற்கிறதா என்று பார்க்கும் டெஸ்டுக்கு மட்டும் அந்த விலக்கு நியாயம், அதற்கு கூகுள்டெஸ்டில் தனி மேக்ரோவே இருக்கிறது. ரிலீஸில் மட்டும் விழுந்தால் டீபக் தகவலோடு கூடிய ரிலீஸ் பில்ட் எடுத்துத் தேடுங்கள், சிமேக்கில் அதற்கும் வழி உண்டு. நினைவகத் தப்புகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும், மொழி விதியில் வரையறை இல்லாத செயல்களைப் பிடிக்கும் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரையும் இரவில் ஓட விடுங்கள், காசு கிடையாது. டெஸ்டோடு லிங்க் ஆன அதே ரிலீஸ் லைப்ரரிதான் வாடிக்கையாளரிடம் போக வேண்டும். டெஸ்ட் முடிந்த பிறகு உங்கள் லேப்டாப்பில் மறுபடி பில்ட் பண்ணி பென்டிரைவில் கொடுத்தனுப்பாதீர்கள்.