அப்பாயி பெயர் பத்திரத்தில் இருக்கும்

பட்டுக்கோட்டைப் பக்கம் பத்திரம் எழுதுவது என் தொழில். கொஞ்ச நாளாக, நிலம் வாங்கல் விற்றல் எதுவும் இல்லாமல் "எங்க பாட்டன் பூட்டன் பேரு தெரியணும்" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். வந்ததும் பிறப்புப் பதிவேட்டைத்தான் கேட்பார்கள். பார்க்கலாம், தப்பில்லை, ஆனால் பழைய பதிவுகளில் பெரும்பாலும் வெறும் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்றுதான் இருக்கும், பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவார்கள்.

முதலில் வீட்டுப் பெட்டியில் பாகப்பிரிவினைப் பத்திரம் கிடக்கிறதா என்று பாருங்கள். கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர், அவர்கள் அப்பா பெயர், அதோடு சரி. பாகப்பிரிவினையில் குடும்பமே உட்கார்ந்திருக்கும்.

போன வருடம் ஓர் அம்மா வந்தார். அவருடைய அப்பாவின் அப்பாயிக்கு, அதாவது அப்பாவுடைய அப்பாவைப் பெற்றவருக்கு, பெயரே யாருக்கும் தெரியவில்லை, எல்லோருக்கும் அவர் 'பெரியாத்தா'. கையில் 1938ஆம் வருடத்துப் பத்திரம், ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட முத்திரைத்தாள், மடிப்பெல்லாம் விட்டுப்போயிருந்தது. முதல் இரண்டு பக்கம் அண்ணன் தம்பிகள் பெயர்தான். மூன்றாவது பக்கத்தில் இறந்துபோன தம்பியின் பங்கு வரும் இடத்தில், மைனர் பையன் பெயரும் 'மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான' என்று தொடங்கி அந்தப் பெயரும் இருந்தது. பக்கத்திலேயே கைநாட்டு. "அண்ணே, இது அவங்க விரலா?" என்று கேட்டுவிட்டு அந்த மையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்துப் பத்திரங்களில் பெண்கள் பெயர் தேடினால் இந்த மைனர் வரியைத்தான் நான் முதலில் பார்ப்பேன், மற்றபடி விதவையானால்தான் பெண்ணுக்குப் பெயரே வரும், என்ன செய்ய.

அப்புறம் செக்குபந்தி. நாலு எல்லையை யாரும் படிப்பதில்லை. 'இன்னார் நிலத்துக்கு வடக்கு' என்றிருக்கும் அந்த இன்னார் பல சமயம் பங்காளியாகவே இருப்பார், ஒரே நிலத்தைப் பிரித்தவர்கள்தானே பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள்.

பத்திரமே இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போடுங்கள். சர்வே எண்ணை வைத்து வில்லங்கம் போடுவது, அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைத் தேடுவது மட்டும் வழியல்ல, பெயர்வாரி அட்டவணையும் உண்டு. பதிவான உயில் என்றால், எழுதியவர் காலமான பிறகு யார் கேட்டாலும் நகல் தர 1908ஆம் வருடப் பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவில் இடமிருக்கிறது. பழைய கிஸ்து (நிலவரி) ரசீதில் பசலி என்ற வரிக்கணக்கு வருடம் போட்டிருந்தால் 590 கூட்டிக்கொள்ளுங்கள், பசலி 1343 என்றால் 1933 ஜூலையில் தொடங்கிய வருடம். ஜாதகத்தில் 'ஆங்கிரச' என்று தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் கவனம், அது 1932ஆகவும் இருக்கலாம், அறுபது வருடம் முந்தைய 1872ஆகவும் இருக்கலாம். பேரனுக்குத் தாத்தா பெயரையே வைக்கும் வீடுகளில் இந்த ஒரு தப்பில் இரண்டு தலைமுறையும் ஒன்றாகிவிடும். இனாம் நிலம், அதாவது வரி தள்ளியோ குறைத்தோ கொடுத்த மானிய நிலம் இருந்த குடும்பமா, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1860களின் இனாம் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் இன்னொன்று இருக்கிறது, மொய் நோட்டு. மாமன் மச்சான் சம்பந்தி எல்லோரும் ஊர் பெயரோடு வரிசையாக இருப்பார்கள், பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர் இரண்டும் அதில்தான் பிடிபடும். மொய் திருப்பிச் செய்து முடித்ததும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். போடுவதற்கு முன் போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். பத்திரத்தையும் அப்படித்தான், படம் எடுங்கள், லேமினேஷன் மட்டும் வேண்டாம், ஒட்டியதைப் பிறகு பிரிக்கவே முடியாது.